மீன்வள மீட்சியும் சட்டமும்: கேரளக் கடற்கரை தரும் பாடம்

கடலில் விதைப்பவர் எவருமில்லை, அறுப்பவர் பலர். உழவன் தன் விதைநெல்லை உண்டால் அடுத்த பருவத்தில் அவனே வருந்த நேரிடும். கடலிலோ, ஒருவர் பிடிக்கும் மீன்குஞ்சின் இழப்பை அனைவரும் சுமக்கின்றனர். மீன்பிடிப்புக்குச் சட்டம் தேவைப்படுவது இதனாலேயே. ஆயினும், குறைந்துவிட்ட மீன்வளத்தை மீட்கும் சட்டம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. இதனை ஆராயக் கேரளத்தின் அனுபவம் பெரிதும் துணைபுரியும்.

1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம், கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் விசைப்படகுத் தொழிலுக்கு வித்திட்டது. இறால் ஏற்றுமதி வளர வளர இழுவலைப் படகுகள் பெருகின. கடலடியை வாரிச் செல்லும் இவ்வலையால் தங்கள் பிழைப்பு அழிகிறது என வள்ளங்களிலும் கட்டுமரங்களிலும் தொழில் செய்தோர் முறையிட்டனர். மறியல்களும் உண்ணாவிரதங்களும் நிகழ்ந்தன. கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1980-இல் பிறந்தது. பருவமழைக் கால இழுவலைத் தடை 1988 முதல் நடைமுறைக்கு வந்தது. கரைக்கடலில் சுருக்குமடி வலை முதலியவற்றுக்கு விதிக்கப்பட்ட தடையை 1993-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

படகு உரிமையாளர் தரப்பிலும் வாதம் இல்லாமலில்லை. மழைக்காலத்தில் திரளும் கரிக்காடி இறாலை அப்போது பிடிக்காவிடில் அது கைநழுவிப் போகும் என்றனர். படகுத் தொழிலாளரின் கூலியையும், ஐஸ் தொழிற்சாலைகள், இறால் பதனிடும் கூடங்கள் ஆகியவற்றில் உழைப்போரின் நிலையையும் சுட்டிக்காட்டினர். மீன் இனப்பெருக்கத்திற்கு ஓய்வு தேவை என்பதை மறுப்போர் சிலரே. அந்த ஓய்வின் விலையை யார் தருவது என்பதே உண்மையான வழக்கு.

தடைக்காலம் மட்டும் போதுமா என்ற கேள்வியை மத்தி மீன் எழுப்பியது. 2012-இல் கேரளத்தின் மத்தி வரத்து நான்கு லட்சம் டன்னை நெருங்கியது. 2021-இல் அது 3,297 டன்னாகச் சரிந்தது. இந்த ஆண்டுகள் அனைத்திலும் மழைக்காலத் தடை நடைமுறையில் இருந்தே வந்தது. கடல்நீர் வெப்பம், எல் நினோ ஆகியவற்றின் பங்கை அறிவியலார் எடுத்துரைத்தனர். மிகுதியான மீன்பிடிப்பையும் குஞ்சுமீன் வேட்டையையும் அவர்கள் விட்டுவிடவில்லை. இழுவலைப் படகுகள் மட்டுமே இதற்குப் பொறுப்பல்ல. 1980-களின் நடுவிலிருந்து பாரம்பரியத் துறையில் பரவிய பெரிய வளைப்பு வலைகளும் குஞ்சுகளை அள்ளின. முறையிட்டவர் தரப்பும் கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டிய நிலை இவ்வாறு உருவாயிற்று.

2015-இல் கேரளம் பிடிக்கத்தக்க மீன்களின் குறைந்தபட்ச நீளத்தை வரையறுத்தது. மத்திக்கு அது 10 சென்டிமீட்டர். 2023-இல் மத்தி வரத்து ஒரு லட்சம் டன்னுக்கு மேல் இருந்தது. இதைச் சட்டத்தின் வெற்றி என்று மட்டும் கூறுவது பொருந்தாது. கடலின் போக்கும் உடன்நின்றது. கடலைக் குளிர்விக்கச் சட்டத்தால் இயலாது. எஞ்சியிருக்கும் முட்டைமீனைக் காக்க அதனால் இயலும்.

அமெரிக்கா வேறொரு வழியை மேற்கொண்டது. 1996-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், குன்றிய மீனினத்தைப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்குள் மீட்க வேண்டும் என்று கெடு விதித்தது. சில விலக்குகளையும் அளித்தது. கெடு இல்லையேல் ஒத்திவைப்பே மிஞ்சும் என்பர் ஒரு சாரார். மீனினத்தின் இயல்பு கெடுவுக்குக் கட்டுப்படாது. இடையில் மீனவர் நலிவர் என்பர் மறுசாரார். இந்தியக் கடலில் ஒரே வலையில் பல இனங்கள் விழுகின்றன. அம்முறையை அப்படியே இங்குப் புகுத்துவது எளிதன்று. எனினும், எந்த இனம் குன்றியது, எப்போது மீளும், எவ்வாறு அளப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கூறும் பொறுப்பு எந்தச் சட்டத்திற்கும் உண்டு.

12 கடல் மைல் வரையுள்ள மீன்பிடிப்பு மாநிலங்களின் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. மீன்கள் இவ்வெல்லையை அறியா. ஒரு மாநிலம் தடுக்கும் குஞ்சுமீனை அண்டை மாநிலத்து மீன்தூள் ஆலை வாங்குமானால் விதி ஏட்டளவில் நின்றுவிடும். ஆகவே அளவு விதி கடற்கரை மாநிலங்கள் அனைத்திற்கும் பொதுவாக வேண்டும். சோதனை, படகில் மட்டுமன்றி, வாங்குவோரிடமும் நடைபெற வேண்டும்.

மீனவரின் சேமிப்போடு மத்திய, மாநில அரசுகளின் பங்கையும் சேர்த்து வழங்கும் சேமிப்பு-நிவாரணத் திட்டம் நடைமுறையில் உள்ளது. அத்தொகை அடுப்பெரியத் தேவைப்படும் நாட்களிலேயே கைக்கு வர வேண்டும். படகுக் கூலியாட்களும் மீன் விற்கும் பெண்களும் விடுபடலாகாது. நாளைய மீனுக்காக இன்று வலையைச் சுருட்டுபவர் நாட்டிற்கே சேமிக்கிறார். அச்சேமிப்பின் சுமையை அவர் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றும் சட்டம் கடலில் நிலைக்காது.