முக அழகும் ஊசி மருந்தும்

(திண்டிவனத்தில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, சிக்கனம், கலியாணச் செலவு முதலிய விஷயங்களைக் குறித்து நமது சங்கம் பன்முறை கூடி ஆலோசித்திருக்கின்றது. இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றோடு நெருங்கிய உறவுடையது. முகத்தின் தோலுக்கடியில் ஊசியால் ஒரு பொருளைச் செலுத்திக் கன்னக் குழிவை நிரப்பவும், உதட்டைத் தடிப்பாக்கவும், மூக்கை எடுப்பாக்கவும் செய்யும் முறையொன்று உலகெங்கும் பரவியுள்ளது. இதனைப் ‘பில்லர்’ என்று வழங்குகின்றனர். நிரப்பு ஊசி என்று யாம் சொல்லுவோம். பெருநகரத்துச் செல்வர்க்கே உரியதாயிருந்த இம்முறை, கைப்பேசி விளம்பரங்களின் வாயிலாக இப்பொழுது நம் வீட்டுப் பிள்ளைகளின் கண்ணுக்கும் எட்டிவிட்டது. ஆதலின் இதன் நன்மை தீமைகளை நாம் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பொட்டும் பூவும், பட்டும் நகையும் அலங்காரங்கள். வேண்டாவிடில் கழற்றி வைக்கலாம். மஞ்சளும் மருதாணியும் நாளடைவில் தாமே மறையும். ஊசி அத்தகையதன்று. தோலைத் துளைத்து இரத்தக் குழாய்களினிடையே செல்வது எதுவாயினும் அது வைத்தியமேயன்றி அலங்காரமாகாது. இவ்வொரு கருத்தையே யாம் இன்று உங்கள்முன் விரித்துரைக்க விழைகின்றோம்.

இன்று மிகுதியாக வழங்கும் நிரப்பு ஊசியில் உள்ள பொருள் ஹயலூரானிக் அமிலம் என்பது. இது நம் தோலிலும் மூட்டுகளிலும் இயற்கையாகவே உள்ளது. நீரைப் பற்றி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. 1934-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் இருவர் மாட்டுக் கண்ணின் உட்கூழிலிருந்து இதனை முதன்முதல் பிரித்தெடுத்தனர். இவ்வமிலத்தாலாகிய நிரப்பு ஊசியை அமெரிக்க அரசாங்கம் 2003-இல் முதன்முதல் அங்கீகரித்தது. செலுத்திய பொருள் பெரும்பாலும் சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரையில் நின்று, பின்னர்க் கரைந்துபோகும். அப்பயனை வேண்டுவோர் மீண்டும் மீண்டும் ஊசி இட்டுக்கொள்ள வேண்டும். பணமும் மீண்டும் மீண்டும் செலவாகும்.

இவ்வாசை இக்காலத்தார்க்கு மட்டும் உரியதன்று. வியன்னா நகரத்துச் சத்திர வைத்தியர் ராபர்ட் கெர்சூனி என்பவர் 1899-இல் பாராபின் இனத்துப் பொருளை மனித உடலில் செலுத்தும் முறையைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அது ஐரோப்பாவெங்கும் பரவிற்று. பிற்காலத்தில் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கன் என்னும் பேரழகி, தம் இளமையில் மூக்கின் நடுவே அத்தகைய மெழுகைச் செலுத்திக்கொண்டார். கிரேக்கச் சிலையின் மூக்கைப் போலத் தம் மூக்கும் நேராக வேண்டும் என்பதே அவர் விருப்பம். மெழுகு இடம் பெயர்ந்து கீழிறங்கி அவர் முகத்தையே கெடுத்தது. 1977 வரையில் உயிர் வாழ்ந்த அவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அக்குறையோடு கழித்தார். ஐரோப்பா புகழ்ந்த அழகுக்கே இக்கதி நேர்ந்ததென்றால், குறை என்று அவர் எண்ணியது உண்மையில் குறைதானா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

மெழுகுக்குப் பின்னர்ச் சிலிக்கோன் திரவம் வந்தது. முகத்தையோ உடலையோ பருக்கச் செய்வதற்காக அதனை ஊசியாற் செலுத்துவதை அமெரிக்க மருந்து நிர்வாகம் அங்கீகரிக்கவில்லை. 2017-இல் மக்களுக்கு எச்சரிக்கையும் விடுத்தது. அது கரையாது, வேண்டாவிடில் எடுத்தலும் அரிது. மலிந்த விலையில் ஊசி போடுவதாகச் சொல்லுமிடத்தில் குப்பியினுள் இருப்பது யாதென்று கேட்கவேண்டிய காரணம் இதுவே.

இனி, நல்ல மருந்தினாலும் நேரக்கூடிய ஆபத்தைச் சொல்லுவோம். ஏரிப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் எளிது. ஒரு கிளை வாய்க்காலில் சேற்றைக் கொட்டிக் கீழிருந்து மேல்நோக்கி வலிந்து தள்ளினால், அது தலைமதகு வரையில் எதிரேறும். தள்ளுவதை நிறுத்தியவுடன் ஓடும் நீர் அச்சேற்றை மற்றொரு கிளையில் கொண்டுபோய் அடைக்கும். முகத்து இரத்தக் குழாய்களும் அவ்வாறே ஒன்றோடொன்று இணைந்தவை. நெற்றி, புருவமத்தி, மூக்கு ஆகிய இடங்களின் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாயோடு உறவுடையன. ஊசியின் முனை தவறிக் குழாய்க்குள் புகுந்தால், அழுத்தத்தினால் கூழ் எதிரேறிச் சென்று, கண்ணின் விழித்திரைக்கு இரத்தம் பாயும் வழியை அடைத்துவிடும். கண் பார்வை அக்கணமே போகும்.

2015-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, பலவகை நிரப்பு ஊசிகளால் பார்வைக் கேடு நேர்ந்தவராக அதுவரை உலக மருத்துவ ஏடுகளில் பதிவானோர் 98 பேரைக் கணக்கிட்டது. அவர்களுள் மிகுதியானோர் புருவமத்தியிலும் மூக்கிலும் ஊசி இட்டுக்கொண்டவர்கள். அதே ஆண்டில் அமெரிக்க மருந்து நிர்வாகமும் இவ்வாபத்தைக் குறித்துப் பொதுமக்களையும் வைத்தியர்களையும் எச்சரித்தது. இது அடிக்கடி நிகழ்வதன்று என்பதை யாம் மறைக்கவில்லை. ஆயினும் நேர்ந்தபின் போன பார்வை மீளுதல் மிக அரிது.

கண்ணுக்கு எட்டாது தோலுக்கு மட்டும் இரத்தம் தடைப்படுமாயின், அதற்கு மாற்று உண்டு. ஹயலூரானிடேஸ் என்னும் மருந்தைக் காலந்தாழ்த்தாது செலுத்தினால் கூழ் கரையும். தாழ்த்தினால் தோல் கறுத்து அழுகி, ஆறாத வடுவாகும். ஊசி இட்ட இடம் திடீரென வெளுத்தல், பொறுக்கலாகாத வலி, வலைபோல் நீலம் படர்தல், பார்வை மங்குதல் ஆகியவை இதன் குறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும் ‘நாளை பார்க்கலாம்’ என்று படுத்துறங்கலாகாது.

நேரம் என்பதை நம் ஊர்க் கணக்கில் எண்ணிப் பாருங்கள். இரத்தம் முற்றும் நின்ற விழித்திரை ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்குதல் அரிதென்பர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி இருப்பது விழுப்புரத்தார்க்குப் பெரும்பேறு. ஆயினும் வண்டி பிடித்து, வழி கடந்து, சீட்டெழுதி, வைத்தியரைக் காணுமுன் அந்நேரம் கழிந்துவிடும். ஆதலின் மாற்று மருந்து, ஊசி போடும் அறையிலேயே இருத்தல் வேண்டும்; ஆபத்தை அறிந்து உடனே கையாளும் வைத்தியரும் அங்கேயே இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடம் எத்துணைக் கண்ணாடியும் விளக்கும் உடையதாயினும் அதனுள் நாம் அடிவைத்தல் தகாது.

இடம் தவறினால் யாது விளையும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. 2016-இல் சென்னையில், மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரே, தலையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்டபின் உயிர் நீத்தார். அது நிரப்பு ஊசியன்று. எனினும் அழகை நாடிச் செய்யும் சிகிச்சைக்கும் வைத்திய ஒழுங்கு முழுதும் வேண்டும் என்பதை அச்சாவு நாட்டுக்கு உணர்த்திற்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில், இரத்தக் கூறுகளை முகத்தில் ஊசியால் ஏற்றிக்கொண்ட பெண்கள் சிலர்க்கு எச்.ஐ.வி. கிருமி தொற்றியதென்று 2024-இல் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. அழகு தேடிப் போய்த் தீரா நோயோடு திரும்புதல் எத்துணைக் கொடிது!

நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் இது குறித்து நெறிமுறைகளை வெளியிட்டது. உரிய பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற வைத்தியரே இத்தகைய அழகுச் சிகிச்சைகளைச் செய்தல் வேண்டும் என்றும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்தல் பயிற்சியாகாது என்றும் அது தெளிவாக்கிற்று. வைத்தியர் விளம்பரம் செய்து நோயாளரை அழைத்தலை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. தீபாவளித் தள்ளுபடி என்றும், இருவர் வந்தால் ஒருவர்க்கு இலவசம் என்றும் அழைப்பவர் எவ்வகையினர் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இனித் தருமத்தின் பக்கத்தைப் பார்ப்போம். இந்த ஊசியால் நன்மையே இல்லை என்று யாம் சாதிக்க வரவில்லை. தழும்பினால் குழிந்த முகத்தையும் நோயினால் ஒட்டிய கன்னத்தையும் தேர்ந்த வைத்தியர் இதனால் சீர்ப்படுத்துகின்றனர். வயது வந்த ஒருவர் தாமே ஆராய்ந்து, தம் பொருளில், தக்க வைத்தியரிடம் இதனைச் செய்துகொள்வாராயின் அவரைப் பழித்தல் நம் வேலையன்று. பழிப்பதனால் தீமையும் உண்டு. ஏளனத்துக்கு அஞ்சி வீட்டாரறியாது ஊசி இட்டுக்கொண்ட பெண், வலி தொடங்கும்போதும் வாய் திறவாள். மாற்று மருந்துக்குரிய நேரம் அவள் மௌனத்திலேயே கழிந்துபோகும். நம் பரிகாசமே அவள் முகத்தைக் கெடுத்ததாக முடியும்.

யாம் அஞ்சுவது மற்றொன்று. பெண் பார்க்கப் போகும் வீட்டில், ‘எல்லாம் சரி, மூக்குத்தான் சற்றுச் சப்பை’ என்றும், ‘உதடு மெலிந்திருக்கிறது, இப்பொழுதுதான் ஊசி வந்துவிட்டதே’ என்றும் சொல்லும் வழக்கம் நம்மிடையே தோன்றுமாயின், வரதட்சிணைப் பட்டியலில் மேலும் ஓர் இனம் ஏறிவிடும். நகையை அடகு வைத்து மீட்கலாம். கண்ணை எவ்வாறு மீட்பது? இவ்வூசிகளை அமெரிக்க அரசாங்கம் 22 வயது நிரம்பியோர்க்கே அங்கீகரித்துள்ளது. நம் பெண்களுள் பலர் அவ்வயதுக்கு முன்னரே மணமேடை ஏறுகின்றனர். வளர்ச்சி முற்றாத பருவத்தில், தான் வேண்டாத ஒன்றுக்குப் பிறர் வற்புறுத்தலால் தலையசைப்பது சம்மதமாகாது. மாமியார் கேட்டாரென்றும் தாயார் அழுதாரென்றும் அழைத்து வரப்பட்ட பெண்ணைத் தனியே இருத்தி, ‘இது உன் விருப்பந்தானா?’ என்று கேளாத வைத்தியர், பட்டம் எத்துணை பெற்றிருப்பினும் தம் தொழிற்கடமையில் வழுவியவரே.

ஆதலின் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது: பெண்ணின் முகத்தையோ பிள்ளையின் தலைமுடியையோ மருத்துவத்தால் மாற்றிக்கொள்ளுமாறு கேட்கும் சம்பந்தத்தை நம் குடும்பங்கள் ஏற்பதில்லை எனத் தீர்மானம் நிறைவேற்றுக. இரண்டாவது: நம் மாத இதழில் அழகு ஊசி விளம்பரம் எதனையும் ஏலாதொழிக. மூன்றாவது: இதனை நாடும் நம்மவர் எவராயினும் ஏளனமின்றி வந்து கேட்கும்படி, நம் குலத்து வைத்தியர் ஓரிருவர் ஆலோசனை கூற முன்வருக.

அவ்வைத்தியர் சொல்லவேண்டியவை சிலவே. ஊசி போடுபவர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவுபெற்றவரா? மருத்துவ நிலையங்களை முறைப்படுத்தும் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்விடம் பதிவாகியுள்ளதா? குப்பி உங்கள் கண்முன் திறக்கப்படுகின்றதா; அதன்மேல் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் உள்ளனவா? மாற்று மருந்து அறையில் உள்ளதா? இவற்றைக் கேட்டவுடன் சினங்கொள்பவரிடம் முகத்தைக் கொடுத்தல் வேண்டா.

தாய்மார்களே! நம் மூக்கும் நிறமும் பாட்டன் பாட்டியர் நமக்கு விட்டுச் சென்றவை. அவற்றைக் குறையென்று முதலில் சொல்லும் வாய் பெரும்பாலும் நம் வீட்டு வாயே. அவ்வாய் அடங்குமாயின் ஊசிக்குப் பாதி வேலை இராது.