அருட்பாப் போர் முதல் முகநூல் வரை: எழுத்தாளர் சண்டையில் யார் குற்றவாளி?

(செஞ்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

   

இணையத்தில் எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வது பற்றி என் துறை நண்பர்களுக்கும் எனக்கும் நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. முன்வரிசையில் சிலர் இப்போதே சிரிக்கிறார்கள். அவர்கள் கட்சி இதுதான்: அந்தக் காலப் புலவர்கள் பண்போடு மாறுபட்டார்கள், முகநூல் வந்து எல்லாம் கெட்டது, எழுத்தாளர்கள் நாவடக்கம் பழகினால் போதும். ஒரு கருத்தரங்கில் இதைத் தீர்மானமாகவே போட்டார்கள். நான் கையெழுத்திடவில்லை. காரணம் சொல்ல அன்று நேரம் தரவில்லை. இன்று ஒலிவாங்கி என் கையில் இருக்கிறது.

அந்தக் காலம் என்கிறார்களே, அதற்கு நாம் அதிக தூரம் போக வேண்டாம். செஞ்சியும் கடலூரும் வடலூரும் சிதம்பரமும் 1993 வரை ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்த மாவட்டத்து மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில்தான் 1869இல் தமிழ்நாட்டின் மிகப் பெரிய எழுத்துச் சண்டை வழக்காக ஏறியது. வாதி சைவ அறிஞர் ஆறுமுக நாவலர். எதிர்த்தரப்பில் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளும் சிதம்பரம் கோயில் தீட்சிதர்கள் சிலரும். சிதம்பரத்தில் நடந்த கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்பது நாவலரின் புகார். வள்ளலார் உள்ளே நுழைந்ததும் நாவலரே எழுந்து நின்றார் என்று மேடைதோறும் சொல்லப்படும் கதையை இங்கு யாரும் கேட்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். கதை அழகானது. ஆனால் வள்ளலாரின் பாடல்கள் அருளால் வந்த அருட்பாவா, மயக்கத்தில் வந்த மருட்பாவா என்பதை அந்த நீதிமன்றம் விசாரிக்கவில்லை. ஆய்வாளர் ப. சரவணன் இந்தச் சண்டையின் பழைய கண்டனங்களைத் தேடித் திரட்டி வெளியிட்ட பிறகும், பாடல்களைப் பற்றியே தீர்ப்பு வந்தது என்ற குழப்பம் தீரவில்லை என்றால், திரட்டை வாங்கியவர்கள் அலமாரியில் அடுக்கிவிட்டார்கள் என்றே கொள்ள வேண்டும்.

சண்டை எங்கே தொடங்கியது? பாட்டில் அல்ல, அட்டையில். வள்ளலார் தம் பாடல்களை அச்சிட ஆர்வம் காட்டியவரே அல்லர். பாடல்களை அனுப்பும்வரை நாளுக்கு ஒருவேளைதான் உண்பேன் என்று அவருடைய அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் அடம்பிடித்த பிறகே மனம் இளகினார். தம்மை இராமலிங்கசாமி என்று வழங்குவதில் தமக்குச் சம்மதம் இல்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று அவருக்கே கடிதமும் எழுதினார். 1867இல் நூல் வந்தது. தொழுவூர் வேலாயுத முதலியாரின் பதிப்பு. நூலுக்குத் திருவருட்பா என்று பெயர், பகுதிகளுக்குத் திருமுறை என்று பெயர், ஆசிரியருக்குத் திருவருட்பிரகாச வள்ளலார் என்று பட்டம். தேவார திருவாசகங்களுக்கு உரிய மரியாதையை உயிரோடிருக்கும் ஒருவருடைய பாடல்களுக்குத் தருவதா என்று சைவ உலகம் கொதித்தது. அன்பர்கள் சூட்டிய பட்டம் அது. அடி வாங்கியவர் வள்ளலார்.

மறுபக்கம் மட்டும் மாசற்றதா? ‘போலியருட்பா மறுப்பு’ நாவலர் எழுதியதுதான். வெளிவந்ததோ வேறொருவர் பெயரில். போலிக்கணக்கு செல்போனோடு பிறந்தது என்று சொல்லும் நண்பர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

1874இல் வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் மறைந்தார். 1879இல் நாவலர் யாழ்ப்பாணத்தில் காலமானார். சண்டை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, இருவரையும் நேரில் கண்டிராத தலைமுறை அதைக் கையில் எடுத்தது. சென்னையில் நா. கதிரைவேற்பிள்ளை மருட்பா என்று முழங்கினார். மறைமலையடிகளும், இசுலாமியரான செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பா என்று எதிர்முழக்கம் செய்தார்கள். இந்தச் சுற்று முதல் சுற்றைவிடச் சூடானது. மீண்டும் நீதிமன்றம் வரை போனது.

இங்கே ஒரு மாணவரைப் பார்க்க வேண்டும். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் படித்தவர். ஆசிரியர் மேல் உயிர். 1904இல் ஆசிரியர் மீது வழக்கு வந்தபோது அவருக்காகச் சாட்சி சொல்லப் போனார். இறுதித் தேர்வை எழுத முடியவில்லை. பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. அந்த மாணவர்தான் திரு.வி.க. பின்னாளில் அவரே வள்ளலாரைப் போற்றி ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ என்று நூல் எழுதினார். கட்சியில் நின்றபோது கண்ணுக்குப் படாத வள்ளலாரைக் கட்சி விட்டு வந்து படித்தபோது கண்டார் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

என் வாதம் இதுதான். எழுதுகிறவனுடைய கோபத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. தாள் தீர்ந்தால் தீரும், உடல் தளர்ந்தால் தணியும். அவனைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் கோபத்துக்கு எல்லை கிடையாது, ஏனென்றால் அது எதையும் எழுத வேண்டியதில்லை, படிக்கவும் வேண்டியதில்லை. கூட்டம் எதையும் முடிய விடாது என்பதற்கு நம் ஊரே சாட்சி: செஞ்சியை ஆண்ட தேசிங்கு 1714இல் ஒரே போரில் மாண்டான். கதைப்பாட்டில் நம் ஊர்க் கோட்டையைச் சுற்றி இன்னும் குதிரை ஓட்டிக்கொண்டிருக்கிறான். முகநூலில் ஒரு கவிஞர் இன்னொருவரை நாலு வரி திட்டுகிறார். நானூறு பேர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புகிறார்கள். நாவடக்கத் தீர்மானம் அந்த ஒருவரைத்தான் கட்டும், நானூறு பேரை என்ன செய்யும்?

எழுத்தாளர் பெருமாள்முருகன் வழக்கு அனைவரும் அறிந்தது, சுருக்கமாகவே சொல்கிறேன். அவருடைய ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. நாலாண்டு யாரும் கொதிக்கவில்லை. 2014 இறுதியில் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊர்ஊராகப் போயின. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமானது. நகலெடுத்தவர்களில் எத்தனை பேர் எழுத்தாளர்கள்?

சட்டம் போதும் என்பாருக்கும் ஒரு வார்த்தை. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்சநீதிமன்றம் 2015 மார்ச்சில் செல்லாதென்றது. நல்லதே. காவல் நிலையத்தில் இலக்கியம் விளங்காது.

  

இனிச் செய்ய வேண்டியவை: கண்டன நூல்களை அச்சிடப் பணம் கொடுத்தவர்கள் யார் என்று ஒருவர் ஆராயலாம். புனைபெயர்க் கண்டனங்கள் தனி ஆய்வுக்குரியவை. முகநூல் சண்டைகள் அழிக்கப்படுமுன் தேதியோடு சேமித்து வைக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் இதைச் செய்யவில்லை. இலங்கையிலும் மலேசியாவிலும் நடந்த சண்டைகளை ஒப்பிடலாம். செஞ்சி, திண்டிவனம், கடலூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் கண்டனத் துண்டுப் பிரசுரங்கள் இருந்தால், கரையான் அரிக்குமுன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுங்கள். எந்தக் கட்சியினுடையதாக இருந்தாலும் கொடுங்கள்.