அணைக்கும்போது ஓடுவது எது?

 

2001-இலும் 2013-இலும் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. எழுத்துரு, விசைப்பலகை, குறியாக்கம் என்று நம் மொழி திரையில் ஏறுவதற்காக உழைத்த தலைமுறையின் மாநாடுகள் அவை. அந்த வழியில் வந்த ஓர் அவைக்கு ஜொகூர் பாருவில் தலைமை ஏற்பது எனக்குப் பெரும் பேறு. பொருளை அறிந்தவர்கள் முன்னால் பேசுகிறோமே என்ற அச்சமும் உடன் இருக்கிறது.

நமக்குத் தரப்பட்ட பொருள், ஜொகூரின் தரவு மைய வளர்ச்சியும் தமிழில் தொழில்நுட்பக் கல்வியும். சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு இடம் தருவதை நிறுத்தி, 2022-இல்தான் கதவைச் சற்றுத் திறந்தது. அந்த நெருக்கடியால் முதலீடு பாலம் கடந்து இங்கே வந்தது. கூலாயின் செடெனாக்கிலும் நூசாஜெயாவிலும் கட்டடங்கள் எழுந்தன. 2025 ஜனவரியில் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. மின்சாரம், தண்ணீர், வேலைவாய்ப்பு ஆகியவை பற்றி மாலை அமர்வில் பேசப்போகிறவர்கள் என்னைவிட நன்கு அறிந்தவர்கள். அவர்களிடமே அதை விட்டுவிடுகிறேன்.

எனக்குக் கிடைத்த நேரத்தை அந்தத் தரவு மையக் கட்டடம் ஒன்றுக்குள் இரவுப்பணி பார்க்கும் ஓர் இளைஞருக்காகச் செலவிட விரும்புகிறேன். சர்வரை அணைத்து மறுபடி ஏற்றும்படி அவருக்கு உத்தரவு வருகிறது. திரையில் சேவைகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு பெயரின் பின்னாலும் உண்மையில் எந்த நிரல் ஓடுகிறது, அணைக்கும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதைக் கண்டறிய நாம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோமா? இல்லை என்பது என் முடிவு.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் அமைப்புகளின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். இனிட்.டி கோப்புறையின் ஸ்கிரிப்டுகள், 2006-இல் உபுண்டுவின் அப்ஸ்டார்ட், 2010-இல் லென்னார்ட் பாட்டரிங் அறிவித்த சிஸ்டம்டி, 2014 பிப்ரவரியில் டெபியன் தொழில்நுட்பக் குழு அதையே தேர்ந்தது, அதை ஏற்காதவர்கள் டெவுவான் என்று பிரிந்து போனது, எல்லாம் பழங்கதை. அந்தப் போரில் யார் வென்றார் என்பதை மீண்டும் கிளறப் போவதில்லை. ஆனால் அந்தப் போரின் ஆரவாரத்தில் எந்தப் பெயரின் பின்னால் எந்த நிரல் ஓடுகிறது என்ற அடிப்படைக் கேள்வி கவனிப்பாரின்றிக் கிடந்துவிட்டது.

சிஸ்டம்டி வந்தபின் நிரலைத் தேடும் வேலையே மிச்சமில்லை, ஸ்டேட்டஸ் கட்டளை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நண்பர்கள் சிலர் பல அவைகளில் சொல்லி வருகிறார்கள். அவர்கள் புலமையை மதிக்கிறேன். இந்தக் கருத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. டெபியன் சர்வரில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் சேவையைக் கேட்டுப் பாருங்கள். 'ஆக்டிவ்' என்று பச்சை நிறத்தில் விடை வரும். அடைப்புக்குள் 'எக்ஸிடட்' என்று ஒரு சொல்லும் இருக்கும். அந்தச் சேவைக் கோப்பைத் திறந்தால், எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் இருப்பது தரவுத்தளம் அன்று. எதுவும் செய்யாமல் 'சரி' என்று மட்டும் சொல்லி முடிந்துவிடும் 'ட்ரூ' என்ற நிரல். உண்மையான தரவுத்தளம் பதிப்பு எண்ணும் கிளஸ்டர் பெயரும் ஒட்டிய வேறொரு சேவையின் கீழ் ஓடுகிறது. தரவுத்தளம் விழுந்துகிடக்கும்போதும் மேலே பச்சை விளக்கு எரியும். பச்சையைப் பார்த்துவிட்டுப் போன ஊழியரை நான் குறை சொல்லமாட்டேன். பச்சையைப் பார் என்று மட்டும் சொல்லிக்கொடுத்த பாடநூலைத்தான் குறை சொல்வேன்.

இன்னோர் எடுத்துக்காட்டு. மைஎஸ்கியூஎல் என்ற சேவைப் பெயர் பல சர்வர்களில் மரியாடிபிக்கு இட்ட மாற்றுப்பெயராகவே இருக்கிறது. பழைய அமைப்புகளில் அதற்கும் மேலே ஓர் அடுக்கு உண்டு: மைஎஸ்கியூஎல்டி-சேஃப் என்ற காவல் ஸ்கிரிப்ட். தரவுத்தள நிரலை நேரடியாகக் கொன்றால் அந்தக் காவல் ஸ்கிரிப்ட் அதை மறுபடி எழுப்பும். நிறுத்தினேன், நிற்கவில்லை, பேய் பிடித்த சர்வர் என்று புலம்புகிறவர்கள் தாய் நிரலைத் தேடியிருக்க வேண்டும்.

ஆகவே சேவையின் பெயர் சான்று ஆகாது. கெர்னல் தரும் வாக்குமூலமே சான்று. புரோக் அடைவில் அந்த நிரலின் எண்ணுக்குக் கீழே 'எக்ஸ்இ' என்ற இணைப்பு இருக்கிறது. எந்தக் கோப்பிலிருந்து நிரல் எழுந்தது என்று அது காட்டும். மேம்படுத்தலில் கோப்பு மாறி, நிரல் இன்னும் பழையதாகவே ஓடிக்கொண்டிருந்தால், பாதையின் இறுதியில் 'டெலீட்டட்' என்று எழுதியிருக்கும். அதே இடத்தில் உள்ள 'சிகுரூப்' கோப்பு அந்த நிரல் எந்தச் சேவைக்கு உரியது என்று சொல்லும். அங்கே சேவைப் பெயருக்குப் பதிலாக யாரோ ஒருவரின் உள்நுழைவு அமர்வு தெரிந்தால், அந்த நிரலை யாரோ கையால் ஓட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள். சேவைக்கென்று எழுதிய நிறுத்தக் கட்டளை அதற்குப் போய்ச் சேராது.

நிரல் எது என்று தெரிந்தாலும் தேடல் முடிந்துவிடாது என்பதை 2024 மார்ச் 29 உலகுக்குக் காட்டியது. அன்றுதான் எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளிந்திருந்த பின்கதவை நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அறிவித்தார். எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதித்ததை அவர் அலட்சியம் செய்யவில்லை. எஸ்எஸ்எச் சேவைக்கும் அந்த நூலகத்துக்கும் என்ன உறவு? 'நான் எழுந்துவிட்டேன்' என்று சிஸ்டம்டிக்குச் செய்தி சொல்வதற்காகச் சில வெளியீடுகள் எஸ்எஸ்எச் நிரலோடு சிஸ்டம்டி நூலகத்தை இணைத்திருந்தன. அது தன்னோடு எக்ஸ்இசட் நூலகத்தையும் இழுத்து வந்தது. தொடக்கச் சேவையின் வசதிக்காகச் சேர்த்த இணைப்பின் வழியாகவே நஞ்சு நுழைந்தது. ஓடும் நிரல் எந்தெந்த நூலகங்களை ஏற்றியிருக்கிறது என்பதும் நம் பாடத்தில் இடம்பெற வேண்டும்.

இதுவரை சொன்னதை நீங்கள் ஓரளவு ஏற்பீர்கள். இனி நான் நெடுங்காலமாக வாதாடிவரும் இடத்துக்கு வருகிறேன். நம் கட்டுரைகள் அனைத்தும் தொடக்கத்தையே ஆராய்கின்றன. சர்வர் எத்தனை நொடியில் எழுந்தது, எந்தச் சேவை தாமதித்தது என்பதற்கு வரைபடம் வரைகிறோம். அணைவதைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதுவதில்லை. தரவோ அணையும்போதும் அழியக்கூடும்.

சிஸ்டம்டிக்கு முந்தைய ரெட் ஹாட் மரபில் 'ஆர்சி' என்ற ஒரு சிறிய ஸ்கிரிப்ட் உண்டு. அணைக்கும் வேளையில் 'கே' எழுத்தில் தொடங்கும் இணைப்புகளை ஒவ்வொன்றாக இயக்குவது அதுதான். அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வார் அடைவின் லாக் - சப்சிஸ் கோப்புறையில் அந்தச் சேவையின் பெயரில் ஒரு பூட்டுக் கோப்பு இல்லையென்றால், அந்தச் சேவை ஓடவேயில்லை என்று கருதி, நிறுத்தும் ஸ்கிரிப்டைத் தொடாமலே தாண்டிவிடும். தொடக்க ஸ்கிரிப்ட் எழுதியவர் அந்தப் பூட்டுக் கோப்பை உருவாக்க மறந்திருந்தால், நிறுத்தும் பகுதி எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தாலும் சர்வர் அணையும்போது அது ஓடாது. கையால் நிறுத்திச் சோதித்தால் சரியாகவே வேலை செய்யும். அதனால் ஐயமும் எழாது. கடைசியில் எல்லா நிரல்களுக்கும் பொதுவாக முடிவுச் சமிக்ஞை போகும். சில நொடிகளில் கொல்லும் சமிக்ஞை போகும். எழுதிக்கொண்டிருந்த தரவுத்தளம் பாதியில் வெட்டுப்படும். மறுநாள் வட்டின் மேல் பழி போடுவார்கள், மின்வாரியத்தின் மேல் பழி போடுவார்கள்.

ஆரக்கிள் தரவுத்தளத்துக்காக ஊரெங்கும் நகலெடுக்கப்பட்ட டிபிஓரா ஸ்கிரிப்டில் பூட்டுக் கோப்பை உருவாக்கும் அந்த ஒரு வரி இருக்கிறது. தேவையற்ற வரி என்று எண்ணி அதை நீக்கிவிட்டுப் பயன்படுத்துபவர்கள் உண்டு.

'கே' இணைப்புகள் எப்போதும் இயங்கும் என்று மதிப்புக்குரிய ஆய்வாளர் ஒருவர் முன்னொரு கருத்தரங்கில் என்னை மறுத்தார். அவர் சோதித்தது டெபியன் மரபு. அங்கே இந்தப் பூட்டு நிபந்தனை இல்லை. நான் சொன்னது ரெட் ஹாட் மரபு. இரு பாடங்களும் மெய். ஒன்றைப் படித்துவிட்டு மற்றதற்கும் தீர்ப்பு எழுதியதுதான் தவறு. இதெல்லாம் செத்துப்போன அமைப்பு என்றும் அவர் சொன்னார். அந்த மரபில் வந்த சென்ட்ஓஎஸ் 6-க்கு ஆதரவு 2020 நவம்பரில் முடிந்தது உண்மை. ஆதரவு முடிந்த நாளில் சர்வர்கள் ஓடுவதை நிறுத்திவிடவில்லை.

சிஸ்டம்டியிலும் இதே பாடம் வேறு உருவில் இருக்கிறது. நிறுத்தக் கட்டளை எழுதாத சேவைக்கு முடிவுச் சமிக்ஞை மட்டுமே போகும். வழக்கமான அமைப்பில் 90 நொடிகள் காத்திருந்து, பிறகு கொன்றுவிடும். நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதி முடிக்க 90 நொடிகள் போதுமா என்பதை நிரலை அறிந்தவர்தான் சொல்ல முடியும். நிரல் எது என்றே அறியாதவர் எப்படிச் சொல்வார்?

கணியம் போன்ற இதழ்கள் 2012 முதல் லினக்ஸைத் தமிழில் கற்பித்து வருகின்றன. அந்த அடித்தளம் நமக்கு இருக்கிறது. ஆகவே இந்த அவையின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் பயிற்சி வகுப்புகளில், ஒரு சர்வரை அணைத்து, எந்த நிறுத்தக் கட்டளை உண்மையில் ஓடியது என்று பதிவேட்டிலிருந்து மாணவர் எழுதித்தரும் செய்முறையைச் சேர்க்க வேண்டும். கட்டுரையாளர்கள் தம் அட்டவணையில் சேவைப் பெயரோடு ஓடிய நிரலின் முழுப் பாதையையும் நிறுத்தக் கட்டளையையும் தர வேண்டும். அவை இல்லாத அட்டவணைகளை அடுத்த தொகுப்பில் ஏற்கவேண்டாம் என்று பதிப்புக் குழுவுக்கு முன்மொழிகிறேன். உடன்படாதவர்கள் முதல் அமர்விலேயே என்னை மறுத்துப் பேசுங்கள்.