எல்லைக்கோட்டில் இலாரெடோ

 

அமெரிக்க நாட்டின் தெக்சாசு மாநிலத்தில், இரியோ கிராண்டே ஆற்றின் வடகரையில் உள்ளது இலாரெடோ. வெபு மாவட்டத்தின் தலைமையூர். (லகரம் மொழிமுதலாகாமையின் இகரம் பெய்து வழங்குகின்றோம்; அவ்வூரார் பொறுப்பாராக!) 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்வோர் 2,55,205 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர் இசுப்பானிய மொழிவழி மரபினர். மெக்சிக்கோவுடன் நிகழும் நிலவழி வணிகத்திற்கு அதுவே தலைவாயில். பாலத்தில் அணிவகுக்கும் சரக்குந்துகளை எவரும் காண்பர்; அந்நகரின் வரலாற்றைக் காண்பார் சிலரே.

1755-இல் தோமாசு சாஞ்சேசு என்பார் இசுப்பானிய ஆட்சியின்கீழ் அவ்வூரை நிறுவினார். பின்னர் அது மெக்சிக்கோவுக்கு உரியதாயிற்று. 1840-இல், சில திங்களே நிலைத்த இரியோ கிராண்டேக் குடியரசின் தலைநகராகவும் விளங்கிற்று. 1848-இல் போர் முடிந்து, ஆறே எல்லை என உடன்படிக்கை எழுதப்பட்டது. ஊரார் தத்தம் இல்லத்தில் இருந்தவாறே அயல்நாட்டு ஆட்சிக்குட்பட்டனர். மெக்சிக்கோவுடனேயே இருக்க விடுக என முறையிட்டனர், கேட்பாரிலர். மனம் பொறாதோர் ஆற்றைக் கடந்து, தென்கரையில் நுவெவோ இலாரெடோ, அஃதாவது புதிய இலாரெடோ, என்னும் ஊரை அமைத்தனர். தம் முன்னோரின் எலும்புகளையும் அகழ்ந்தெடுத்துச் சென்றனர் என்பது அங்கு வழிவழியாக வழங்கும் செய்தி.

வடகரையில் தங்கியோர் மொழிக்கு நேர்ந்ததென்ன? அவ்வூரில் 1885-இல் பிறந்த ஓவீத்தா இடார் என்னும் பெண்மணியின் வாழ்வே விடை. ஆசிரியப் பணியேற்ற அவர், போதிய நூலும் இருக்கையும் இன்றி வாடிய மெக்சிக்கக் குழந்தைகளைக் கண்டு வெதும்பி அப்பணியைத் துறந்தார். தந்தையாரின் 'இலா குரோனிக்கா' இதழில் எழுதலானார். ஆங்கிலத்தை அவர் வெறுத்தாரல்லர். தாய்மொழியை விலையாகக் கொடுத்து அதனைப் பெறுதல் தகாதென்றே 1911-இல் எழுதினார். அவ்வாண்டே இலாரெடோவில் கூடிய மெக்சிக்கர் மாநாட்டையொட்டி எழுந்த மகளிர் கழகத்துக்குத் தலைவருமானார். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியளிப்பதே அக்கழகத்தார் மேற்கொண்ட முதற்பணி.

1914-இல், 'எல் புரோகிரேசோ' என்னும் இதழை மூட மாநிலக் காவற்படையினர் வந்தனர். அப்போது அங்குப் பணியாற்றிய ஓவீத்தா வாயிலை மறித்து நின்றார். படைக்கலம் தாங்கியோர் திரும்பிப் போயினர்! ஆயினும், பின்னொருகால் அவர் இல்லாப் பொழுது பார்த்து வந்து, அச்சுப்பொறியை நொறுக்கினர். வீரம் என்பது இதுதான் போலும்!

1918-இல் தெக்சாசு அரசு, பள்ளியில் ஆங்கிலமல்லா மொழியிற் கற்பித்தலைக் குற்றமாக்கிற்று. அரை நூற்றாண்டு கழித்து, 1969-இல்தான் அத்தடை நீங்கியது. அதற்கிடையே, வீட்டிலும் கடைத்தெருவிலும் வாழ்ந்த மொழி, வகுப்பறையில் மட்டும் வாய்மூடிக் கிடந்தது. பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத தலைமுறைகள் இவ்வாறுதான் உருவாக்கப்படுகின்றன.

2023-இல் அமெரிக்க நடுவணரசு, ஓவீத்தாவின் உருவைக் கால் தாலர்க் காசில் பொறித்து வெளியிட்டது. நொறுக்கப்பட்ட அவ்விதழின் பெயரும் அதே காசில், இசுப்பானிய மொழியிலேயே உள்ளது.