எங்கே வலிக்கிறது?



அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து இளைஞர் கிளாரன்ஸ் கான்ஸ்டெட். மூட்டுவாத நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சைக்குப் பின் எழுந்து நடந்தார். பிறகு தாமே அதைப் பயின்று, 1923இல் பட்டம் பெற்றார். மவுண்ட் ஹோரப் என்னும் சிற்றூரில் நோயாளிகளைக் கவனித்தார். எக்ஸ்ரே பார்த்து, விரலால் தடவி, சிகிச்சை வேண்டிய முள்ளெலும்பை மட்டும் சரிசெய்யும் தனி முறையை வகுத்தார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது.

வலி தானாக யாரையும் நல்லவராக்குவதில்லை, சிலரைக் கசப்பாக்கிவிடும். கான்ஸ்டெட்டுக்கோ அது பிறர் வலியைத் தேடிச் செல்லும் வழியானது.

நம் வீட்டிலும் முதுகுவலியோடு ஒருவர் இருக்கலாம். 'வயசானா அப்படித்தான்' என்று கடந்துபோகாமல், இன்று அவர் அருகில் அமர்ந்து கேட்போம்: எங்கே வலிக்கிறது?