உறுமலைத் துண்டிக்கும் ஒளி

பௌர்ணமியன்று கிரிவலப் பாதை ஒலிபெருக்கிகளோடு போட்டி போட்டுப் பாடம் நடத்துபவர்கள் நாம். மடிக்கணினியைப் பள்ளி ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் கூடவே ‘உம்ம்’ என்ற உறுமலும் வந்தால், கடைசி வரிசைப் பிள்ளைக்கு ஆங்கிலக் கேட்டல் பயிற்சியில் ‘பின்’னா, ‘பிக்’கா என்றே புரியாது.

சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால், இரு கருவிகளின் எர்த் இணைப்புகளும் சேர்ந்து ஒரு சுற்றாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடுகிறது. அதற்காக பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடாதீர்கள்; உயிருக்கே ஆபத்து. ஒரு பாடவேளைக்குப் பேட்டரியே போதும்.

நிரந்தர வழி, 1983இல் தோஷிபா கொண்டுவந்த ஆப்டிகல் கேபிள். பிளாஸ்டிக் இழையில் சிவப்பு ஒளிதான் போகிறது, மின்தொடர்பே இல்லை. நாம் நடத்தும் முழு அக எதிரொளிப்புதான் அது. மறுமுனையைப் பிள்ளையின் உள்ளங்கையில் பிடித்தால் சிவப்புப் புள்ளி தெரியும்.

பெரும்பாலான மடிக்கணினிகளில் அதற்கான துளை கிடையாது. யு.எஸ்.பி.யில் செருகும் ஆப்டிகல் கருவி ஒன்று வேண்டும். ஆம்ப்ளிஃபயர் பக்கம் டி.ஏ.சி. பெட்டி வேண்டும். ஒலி அமைப்பில் பி.சி.எம். என்று வையுங்கள், இல்லையேல் பெட்டி ஊமைதான். பெட்டிக்கு மின்சாரத்தை மடிக்கணினியிலிருந்து எடுக்காதீர்கள், அறுத்த சுற்று மறுபடி சேர்ந்துவிடும். தனியாக ஒரு செல்போன் சார்ஜர் போதும்.