இடுப்புவலிக்கு ஒரு நடை

இடுப்பு பிடித்துக்கொண்டால் பெல்ட் வாங்குகிறோம், மெத்தையை மாற்றுகிறோம், வலி போனதும் மறந்துவிடுகிறோம். ஆனால் இந்த வலியின் குணமே திரும்பி வருவதுதான். அதைத் தள்ளிப்போட முடியுமா என்று ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். வலியிலிருந்து மீண்ட 701 பேரில் ஒரு பிரிவினருக்கு நடைப்பயிற்சியும் பிசியோதெரபிஸ்ட்டின் ஆலோசனையும் கொடுத்தார்கள்; மற்றவர்களுக்கு எதுவுமில்லை. 2024இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. சும்மா விடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளில் வலி திரும்பிவிட்டது. நடந்தவர்களுக்கு அதற்கு 208 நாள் பிடித்தது. ஆலோசனைக்கும் இதில் பங்குண்டு, பெருமை முழுவதையும் காலுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் செலவில்லாத நடைக்கு இது பெரிய பலன்தான்.

நாள் முழுக்க வீட்டுவேலை பார்க்கிறேனே, அது போதாதா என்று கேட்கலாம். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடப்பது விட்டுவிட்டு நடப்பது. அதில் குனிவதும் தூக்குவதும்தான் அதிகம். தண்ணீர்க் குடத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்கினால் முதுகில் விழும் பாரம் குறையும், அவ்வளவுதான். நடை தனியாக வேண்டும்: மெல்ல மெல்லக் கூட்டி, வாரம் ஐந்து நாள், அரைமணி வரை. வலிக்கும்போது படுத்திருப்பதே நல்லது என்பதும் சாதாரண வலிக்குப் பொருந்தாது. நாள்கணக்கில் படுத்தால் குணமாவது தாமதமாகும். ஆனால் கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, நடையை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.